செருப்புக் குச்சிக்கு வந்த கீபோர்டு

டீயைக் கொட்டியது நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். புதருக்குள்ளிருந்து எதிரி ஒருவன் திடீரென்று எழுந்தான், நான் "ஐயோ" என்று அலறினேன், டம்ளர் மடிக்கணினி மேல் கவிழ்ந்தது. சர்க்கரை தூக்கலாகப் போட்ட முழு டம்ளர். துடைத்தேன், வெயிலில் வைத்தேன், அரிசிக்குள் புதைத்தேன். திரை பிழைத்துக்கொண்டது. கீபோர்டில் ஓர் எழுத்துகூட எழுந்திருக்கவில்லை.

ஜவ்வாது மலையில் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை நான். வயது நாற்பத்து நான்கு. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு தீவில் ஓடுகிற விளையாட்டு எனக்கு எதற்கு என்று என் வீட்டுக்காரரே கேட்டிருக்கிறார். அவர் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறார், மாதம் ஒருமுறை வருவார், கேட்டுவிட்டுப் போவார். எதற்கென்றால், எங்கள் ஒரே மகன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முதலாண்டு படிக்கிறான். போன் செய்தால் "ம்" என்பான். சாப்பிட்டாயா என்றால் "ம்". படிக்கிறாயா என்றால் "ம்". உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டாலும் அதே "ம்" தான் வரும். ஒரு விடுமுறையில் மட்டும் தானாக வாயைத் திறந்து, "ஜோடி ஆட்டத்துக்கு ஆள் இல்லம்மா, நீ வர்றியா?" என்றான். கிணற்றில் குதி என்றிருந்தாலும் குதித்திருப்பேன், அப்படி இருந்தது எனக்கு.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி முதல் நான்கு மணி வரை நானும் அவனும் அந்தத் தீவில் இருப்போம். ஊராட்சிக் கட்டடத்துக்கு இணையம் வந்தபோதே நானும் ஓர் இணைப்பு வாங்கியிருந்தேன். மைக் மட்டும் கூடாது. விடுதி அறையில் நான்கு பேர், அம்மாவின் குரல் வெளியே கேட்டால் அவனுக்கு மானம் போய்விடுமாம். அதனால் ஆட்டத்துக்குள்ளேயே எழுதிப் பேசுவோம். "அம்மா இடப்பக்கம் பாரு." "அம்மா குனி." அவன் பக்கத்திலிருந்து அவ்வளவுதான் பேச்சு. ஆனாலும் பெற்ற பிள்ளை கூப்பிட்டுக் குனியச் சொல்வதில் இருக்கிற சந்தோஷம் எனக்குத்தான் தெரியும்.

டீ கொட்டியதில் இரண்டு ஞாயிறு போயிற்று. இரண்டாவது ஞாயிறு போனில் செய்தி வந்தது. "அடுத்த வாரமும் வர்லன்னா வேற ஆள ஜோடி சேத்துக்கிறேன்மா. பரவால்ல, நீ உன் வேலையப் பாரு." அந்தப் 'பரவால்ல'வை நான்கு தடவை படித்தேன். இருக்கிற ஒரு மணி நேரமும் போய்விட்டால் அவனிடம் போக எனக்கு வேறு வழியே கிடையாது.

தனியாக ஒரு கீபோர்டு வாங்கிச் செருகினால் தீர்ந்தது. ஆனால் வைக்க இடம்? மேஜை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் அடித்த ஒரு பலகை அது. அதன்மேல் மடிக்கணினி, திருத்த வேண்டிய நோட்டுகள், மிக்சி. மவுஸ் ஓட இடம் விட்டால் மிஞ்சுவது ஒன்றரைச் சாண். முழு நீளக் கீபோர்டை வைத்தால், நான் துப்பாக்கியைத் திருப்பும் போதெல்லாம் முழங்கை மிக்சியில் இடிக்கும்.

சின்னக் கீபோர்டு எது நல்லது என்று மகனையே கேட்டேன். அடடா! "ம்" போட்ட பிள்ளையா இவன்? பத்தி பத்தியாக எழுதினான். ஓரத்தில் எண்கள் இல்லாதது ஒரு வகை, அறுபது பர்சன்ட் இன்னொரு வகை, அது இன்னும் சின்னது, பைக்குள் போட்டு எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம், ஆனால் அம்புக்குறி பட்டன்கள் இருக்காது, அதனால் உனக்கு அறுபத்தைந்துதான் சரி. அப்புறம் சுவிட்ச். நீலம் டக்குடக்கென்று சத்தம் போடும், சிவப்பு அமைதி, பழுப்பு இரண்டும் கெட்டான். எனக்கு இரண்டாம் நாளே எல்லாம் புரிந்துவிட்டது. சிவப்பு சுவிட்ச், அறுபத்தைந்து பர்சன்ட். ஆனாலும் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கேட்ட கேள்வியையே மாற்றி மாற்றி வெள்ளிக்கிழமை வரை கேட்டேன். மக்கு அம்மா என்று நினைத்திருப்பான். நினைத்துவிட்டுப் போகட்டும், பதில் எழுதினானே.

கூரியர்காரர்கள் மலையேற மாட்டார்கள். எங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஜீப்காரர்தான். புதனும் சனியும் அடிவாரத்து ஒடுகத்தூர் கடைத்தெருவுக்கு இறங்குவார். யாருக்கு எது வேண்டுமானாலும் அளவுக்கு ஒரு குச்சி ஒடித்து அவரிடம் கொடுத்துவிட வேண்டும். கொக்கிக்குக் குச்சி, சாமி படச் சட்டத்துக்குக் குச்சி, செருப்புக்குக் குதிகாலிலிருந்து கட்டைவிரல் வரை குச்சி. நான் விவரமாகச் சீட்டு எழுதிக்கொண்டு போனேன். அவர் கையில்கூட வாங்கவில்லை.

"சீட்டெல்லாம் இன்னாத்துக்கு டீச்சர்? மழைல நனைஞ்சா எழுத்து போய்டும். குச்சி குடுங்க. குச்சி பொய் சொல்லாது."

படித்தவள்தானே நான், வற்புறுத்தியிருக்க வேண்டாமா? வீட்டுக்கு ஓடி, பலகையில் மிஞ்சிய இடத்தை அளந்து, துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை ஒடித்துக் கொடுத்தேன். "கேமிங் கீபோர்டுன்னு கேளுங்கண்ணா. சிவப்பு சுவிட்ச். இந்தக் குச்சிக்கு மேல போவக் கூடாது" என்றேன். எங்கள் பள்ளியில் சத்துணவு சமைக்கிற அக்காவும் அப்போது பக்கத்தில் நின்று தன் செருப்புக் குச்சியைக் கொடுத்தார். ஜீப்காரர் இரண்டையும் சேர்த்து ஒரே ரப்பர் பேண்டில் சுற்றிச் சட்டைப் பையில் செருகினார். பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஒன்றும் தோன்றவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஜீப் வந்தது. ஜீப்காரரின் முகத்தில் பெருமை வழிந்தது.

"கடைக்காரன் இன்னாமோ பெருசு பெருசா எடுத்துப் போட்டான் டீச்சர். நான் வுடுவனா? குச்சிய வெச்சுப் பாத்து எல்லாத்தையும் தள்ளிட்டேன். இதுக்கு மேல ஒரு நூல் போவக் கூடாதுன்னு கறாரா சொல்ட்டேன். கடைசில உள்ள போய்த் தேடி எடுத்தாந்தான். யாரோ ஆர்டர் குடுத்துட்டு வாங்காம போன பீஸாம். கேமிங்கு தான், சிவப்புதான், கேட்டுட்டேன்."

பெட்டியைத் திறந்தேன். பாதிக் கீபோர்டு இருந்தது. உடைந்த பாதி இல்லை, செய்யும்போதே பாதியாகச் செய்தது. இடது கையால் மட்டும் விளையாடுகிறவர்களுக்காக அப்படி ஒன்று விற்கிறார்களாம். இடப்பக்கத்து எழுத்துகள் பதினைந்து, ஒன்று முதல் ஐந்து வரை எண்கள், கீழே இடைவெளிக்கு ஒரு நீளப் பட்டன். வலப்பக்கம் வெறும் காற்று.

என்ன நடந்தது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் சத்துணவு அக்கா வந்து சேர்ந்தார். காலில் புதுச் செருப்பு. பாதம் முடிந்த பிறகும் செருப்பு நான்கு விரல்கடை நீண்டிருந்தது.

"இன்னா டீச்சர் இது, இந்தச் செருப்புல ரெண்டு பேர் நடக்கலாமே!"

நான் கத்திய கத்தலில் ஜீப்காரர் இரண்டு அடி பின்னால் போனார். "உங்களுக்குக் கண்ணு இருக்குதா இல்லையா? செருப்புக் குச்சிக்குக் கீபோர்டு வாங்குவாங்களாய்யா?" என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். "குச்சி கரெக்ட்டுதான் டீச்சர், ஆளுதான் மாறிப்போச்சு. புதங்கிழமை மாத்திக்கினு வர்றேன், வுடுங்க." புதன்கிழமையாம்! என் ஞாயிறு மறுநாள் விடிந்தால் வந்து நிற்கிறது.

வேறு வழியில்லை, அந்தப் பாதியைச் செருகிக்கொண்டு மூன்று மணிக்கு உட்கார்ந்தேன். நடக்க முடிந்தது, குனிய முடிந்தது, மவுஸால் சுட முடிந்தது. எழுதத்தான் முடியவில்லை, பாதி எழுத்தும் இல்லை, அனுப்புகிற பட்டனும் இல்லை. எண் பட்டன்களுக்கு மட்டும் விளையாட்டிலேயே தயாராகச் சில சொற்கள் இருந்தன. ஒன்று அழுத்தினால் "சரி". இரண்டு, "பொறு". மூன்று, "உதவி வேண்டும்". நான்கு, "என்னிடம் வா". ஐந்தை அழுத்தினால் என் பொம்மை இரண்டு கையையும் தூக்கி ஆட்டம் போடும்.

"வந்துட்டியா! கீபோர்டு வந்துச்சா?" என்று எழுதினான்.

ஒன்று. சரி.

வழக்கமாக இந்த இடத்தில் சாப்பிட்டாயா, துணி துவைத்தாயா, இருமல் நின்றதா என்று நான் வரிசையாக எழுதித் தள்ளுவேன். அன்றைக்கு ஒன்றும் போகவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சும்மா ஓடினோம். ஒரு மதில் ஓரமாக அவன் பொம்மை நின்றது. என்னுடையதும் நின்றது.

"அம்மா, ஒண்ணு சொல்லவா?"

சரி.

"ரெண்டு பேப்பர்ல ஃபெயில்."

பதற்றத்தில் என் விரல் ஐந்தில் விழுந்தது. பிள்ளை பரீட்சையில் தோற்றுவிட்டேன் என்கிறான், அம்மா கையைத் தூக்கிக் குத்தாட்டம் போடுகிறாள்! நிறுத்தவும் தெரியவில்லை, அது ஆடி முடித்துத்தான் நின்றது.

"டான்ஸ் ஆடுற? திட்ட மாட்டியா?"

திட்ட மாட்டேனா? அறையில் உட்கார்ந்து நான் திட்டிய திட்டுக்குச் சுவரில் பல்லி ஓடிவிட்டது. எருமை, தடிமாடு, அப்பா அங்கே நைட் ஷிஃப்ட் பார்த்துச் சாகிறாரே என்று அத்தனையும் சொன்னேன். அதில் ஒரு சொல்கூட அந்தப் பாதிக் கீபோர்டு வழியாகப் போகவில்லை. போனில் கூப்பிட்டால் மறுபடி அந்த "ம்" தான் வரும். எரிச்சலில் ஒன்றை ஓங்கிக் குத்தினேன். சரி.

அப்புறம் அவன் நிறுத்தவே இல்லை. மூன்று வாரமாக வகுப்புக்குப் போகவில்லை என்றான். காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை, அறையில் மற்ற மூன்று பேரும் கிளம்பிய பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறேன், பசித்தாலும் மெஸ்ஸுக்குப் போவதில்லை, நீ போனில் சாப்பிட்டியா என்று கேட்கும் போதெல்லாம் பொய் சொல்லித்தான் 'ம்' போட்டேன் என்றான். என் திட்டு பாதியிலேயே நின்றுவிட்டது. கண் மறைத்து எழுத்துகள் தெரியவில்லை, முந்தானையால் துடைத்துத் துடைத்துப் படித்தேன். எங்கிருந்தோ யாரோ எங்களைச் சுட்டார்கள். இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

"வூட்டுக்கு வந்துடட்டுமா?" என்று எழுதினான். "கொஞ்ச நாளைக்கு."

நான்கு. என்னிடம் வா. மறுபடி நான்கு. அவன் "வர்றேன், வர்றேன், போதும்மா" என்று எழுதும் வரை விரலை எடுக்கவில்லை. அதற்குள் எங்கள் பொம்மைகள் இரண்டும் செத்துப்போயிருந்தன.

புதன்கிழமை ஜீப்பிலிருந்து இறங்கினான். சட்டைக்குள் ஆளைக் காணோம், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மூன்று நாளாக நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த வசவை விட்டுவிட்டு அவன் பையை வாங்கிக்கொண்டேன். சாமைச் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டேன். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வந்தவன் பலகையைப் பார்த்தான். பாதிக் கீபோர்டைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப அன்னிக்கு நீ திட்டாம இருந்தது..."

பெரிய மனசுக்காரி போல நடித்திருக்கலாம். ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. "திட்டுனேன்டா, தொண்டைத் தண்ணி வத்தத் திட்டுனேன். அந்தச் சனியன்ல எழுத்து இல்ல" என்றேன்.

சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கீழே உட்கார்ந்து சிரித்தான். சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். எவ்வளவு நேரம் என்று யார் பார்த்தார்கள்?

வெளியே ஹாரன் அடித்தது. ஜீப்காரர் வாசலிலிருந்து தலையை நீட்டினார். "டீச்சர், காலைல வாங்காம எறங்கிட்டேன், அத்த எடுத்தாங்க. சனிக்கிழமை எறங்கறப்போ மாத்தி முழுசா வாங்கியாந்துட்றேன். இந்தத் தடவ குச்சி மாறாது."

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மகன் குரல் கொடுத்தான்.

"வேணாம்ணா. எங்கம்மாவுக்கு இதுவே போதும்."