அறுத்துப் பார்க்கும் படிப்பு

அந்த மருத்துவக் கல்லூரியின் பிண அறுவைக் கூடத்தில் அவர் வெறும் உதவியாளர்தான். ஆனாலும் எல்லோருக்கும் ‘பெரியவர்’. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். தரை துடைக்க வந்து, எவன் சிபாரிசும் இல்லாமல் கூடத்துச் சாவியையே இடுப்பில் செருகிக்கொண்ட ஆள். உழைக்கிறவன் அப்படித்தான் இருப்பான்.

வருடா வருடம் புதுப் பிள்ளைகள் வந்ததும், பேராசிரியர் வாய் திறப்பதற்குள் இவர் முந்திக்கொள்வார்.

"அனாடமி கிரேக்கச் சொல்லுப்பா. அக்குவேறு ஆணிவேறா அறுத்துப் பார்க்கிறதுன்னு அர்த்தம். நம்ம தமிழ்ல உடற்கூறு. பிரிச்சாத்தானே கூறு? மூடி வச்சுக்கிட்டு எவனும் உடம்பைப் படிச்சதில்ல." கையோடு மார்தட்டிக்கொள்வார்: "நானும் என் வீட்டுக்காரியும் எழுதிக் கொடுத்தாச்சு. எங்க உடம்பும் இந்த மேசைக்குத்தான்."

இப்போது அந்த வீட்டுக்காரிக்குக் கல்லீரல் கைவிட்டுவிட்டது. வீட்டுக்கே கூட்டிப் போங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தாள். கரண்டியால் தண்ணீர் கொடுத்தபோது அவர் பார்வை அவள் கழுத்துக்குழியில் போய் நின்றது. மூச்சுக்கு மூச்சு அங்கே தோல் துடித்தது. கத்தியின் முதல் கோடு அங்கிருந்துதான் கீழே இறங்கும். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நான் காலேஜ்ல பேசிக்கிறேன்."

"எதுக்குங்க?"

"உனக்குத் தெரியாது. அது சும்மா பார்க்கிறது இல்ல..."

"அறுக்கிறது. கல்யாணமான புதுசுலேருந்து இதே பாடம்தானே. கிரேக்கம் வரைக்கும் போய்ட்டு வந்தாச்சு." சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது. "ஊரான் பெண்டாட்டின்னா படிப்பு, உங்க பெண்டாட்டின்னா அறுப்பா?"

அவர் போர்வையை இழுத்து அவள் கழுத்துவரை மூடினார்.

"தலையை மழிப்பீங்களா?"

"ம்."

"யாரு?"

"அது என் வேலைதான்."

"அப்ப நீங்களே செய்யுங்க. வேற ஆள் கை வேணாம்."

"உன் கால்ல விழறேன்டி. வேணாம்னு சொல்லு."

"அத்தனை பிள்ளைங்ககிட்ட பெருமை அடிச்சது நீங்க. பின்வாங்குறதுக்கு மட்டும் நானா?"

அவர் கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் தலையாட்டினார். அவள் கண்ணை மூடியிருந்ததால் அது தெரியவில்லை.

"வாய்விட்டுச் சொல்லுங்க."

"நானே செய்றேன்," என்றார்.