பிள்ளை இருக்கிற வீடு

இராமலெட்சுமியின் கையில் எந்தத் துணியைக் கொடுத்தாலும் அது அடங்கிவிடும். வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடையில் பதினேழு வயதில் வேலைக்குச் சேர்ந்தவள், இப்போது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டாள். ஒரு கலியாண வீட்டுக் கூட்டம் வந்து மேசை நிறையச் சேலைகளை இழுத்துக் கொட்டி, 'பிறகு வாறம்' என்று போய்விட்டால் மற்றப் பெண்கள் முகத்தைச் சுளிப்பார்கள். இவள் சுளிக்கமாட்டாள். அந்தக் கூட்டம் வாசற்படி இறங்குவதற்குள், கடைக்கு யாருமே வராதது போல மேசை பளிச்சென்று கிடக்கும். "சாமான் கலைஞ்சு கிடந்தா சனம் மதிக்காது" என்பது முதலாளியின் வேதவாக்கு. அது கடைக்குச் சொன்ன வாக்கு என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். இராமலெட்சுமி அதை வாழ்க்கைக்கே எடுத்துக்கொண்டாள். அதனால்தான் அந்தக் கூத்து நடந்தது.

அவளுடைய வீடு கொட்டாஞ்சேனையில், ஒரு தோட்டத்துக்குள். கொழும்பில் தோட்டம் என்றால் நெருக்கியடித்து வீடுகள் நிற்கும் ஒழுங்கை. மருந்துக்கும் ஒரு செடி இராது. மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் இந்தத் தோட்டத்துக்கு வாழ வந்தபோது சிரித்துவிட்டாள். ஜவாஹிறா ராத்தாவின் வீட்டில் முன்பாதி இவர்களுக்கு வாடகை, பின்பாதியில் ராத்தா. முஸ்லிம் வீடுகளில் அக்காவுக்கு அந்தப் பெயர். கணவன் ஜெயகுமாருக்குத் துறைமுகத்தில் வேலை. மகள் தாரிகாவுக்கு ஐந்து வயது. வீட்டுக்குள் குழாய் இல்லை. ஒழுங்கை முனையில் இருக்கும் பொதுக்குழாயில் மாலையானால்தான் தண்ணீர் ஏறும். காலையிலேயே ஒவ்வொரு வீட்டு வாளியும் அங்கே வரிசையில் போய் நின்றுவிடும்.

இந்த நாட்டில் கல்வி இலவசம். முதலாம் ஆண்டிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணம் கிடையாது. பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் அரசாங்கமே தருகிறது. எந்த ஊரில் சொன்னாலும் பெருமைப்படலாம், நானும் பெருமைப்படுகிறேன். ஆனால் அந்த இலவசம் பிறந்த காலத்தில் அது மலையேறித் தேயிலைத் தோட்டங்களுக்கு வரவில்லை. இராமலெட்சுமியின் பாட்டன் படித்தது தோட்டத்துத் துரைமாரின் தயவில் நடந்த தகரக் கொட்டிலில். ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு, அதற்கு மேல் கொழுந்துக் கூடைதான். அந்தக் கொட்டில்களை அரசாங்கம் கையேற்கவே முப்பது வருடம் பிடித்தது. இராமலெட்சுமியின் காலத்தில் கட்டடம் வந்திருந்தது, புத்தகம் வந்திருந்தது. கணக்கு வாத்தியார்தான் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போனார். பதிலுக்கு ஆள் வரவில்லை. பத்தாம், பதினோராம் ஆண்டுகளில் கணக்குப் பாட நேரம் வந்தால் பிள்ளைகள் பள்ளிக்கூட வளவில் புல்லுப் பிடுங்கினார்கள். சாதாரண தரப் பரீட்சையில் தமிழுக்கு மிக உயர்ந்த அதிவிசேட சித்தி எடுத்தவள் கணக்கில் விழுந்தாள். கணக்கு இல்லாவிட்டால் உயர்தர வகுப்பு இல்லை. அடுத்த மாதம் கொழும்பு பஸ் ஏறிவிட்டாள்.

அதனால் மகளுக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்று: எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் இருக்கிற பள்ளிக்கூடம். கொட்டாஞ்சேனையிலேயே அப்படி ஒரு பெண்கள் பாடசாலை இருந்தது. உயர்தரம் வரை வகுப்பு, விஞ்ஞான கூடம், நெட்போல் மைதானம் எல்லாம் உண்டு. கிடைக்காவிட்டால் சந்திக்குப் பின்னாலுள்ள சின்னப் பள்ளிக்கூடம். அங்கே ஒன்பதாம் ஆண்டோடு சரி, கணக்குக்கு அப்போதே ஆள் இல்லை. இரண்டாவது தலைமுறையும் புல்லுப் பிடுங்கவேண்டியதுதான்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கவேண்டுமே. நல்ல பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டுக்குச் சேர, அதற்குப் பக்கத்தில் குடியிருக்க வேண்டும். அதனால் கொழும்பில் விலாசமே வாடகைக்குப் போகும். எங்கேயோ இருக்கிறவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறையைப் பிடித்துப் பெயரைப் பதிந்துவிடுவார்கள். இதைப் பிடிக்கத்தான் நேர்முகத்துக்குப் பிறகு பாடசாலையிலிருந்து ஆட்கள் வீடு பார்க்க வருகிறார்கள். பிள்ளை உண்மையிலேயே அந்த வீட்டில்தான் வளர்கிறதா என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை.

இராமலெட்சுமிக்கு இது அப்படிப் புரியவில்லை. 'வீடு பார்க்க வருகிறார்கள்' என்றால் வீடு எப்படி இருக்கிறது என்று பார்க்க வருகிறார்கள், அவ்வளவுதான். தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் பிறந்தவளின் பிள்ளை, துறைமுகக் கூலியின் பிள்ளை, சேரி வீடு என்று தள்ளிவிடுவார்கள் என்று பயந்தாள். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். அவளுடைய சனத்தைக் காலம் காலமாக அப்படித்தானே பார்த்தார்கள்.

நேர்முகம் முடிந்து, வீடு பார்க்க வருவது சனிக்கிழமை பின்னேரம் என்று தெரிந்ததும் இரண்டு நாள் லீவு போட்டாள். தாரிகா சுவர் முழுக்கக் கீறிய பஸ்கள், மீன்கள், தலையைவிடப் பெரிய கண்ணுள்ள அப்பா எல்லாவற்றுக்கும் மேல் வெள்ளை அடித்தாள். கிரேயோன், கையொடிந்த பொம்மை, சாயம் போன சட்டைகள், வாசலில் கிடந்த சின்னச் செருப்பு, அத்தனையும் ஒரு பெட்ஷீட்டில் கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். வாளியும் அங்கேயே போயிற்று. குழாயில் தண்ணீர் பிடிக்கிற வீடு என்று தெரியக்கூடாதாம். தானும் மகளும் கீழே விரித்துப் படுக்கிற பாய்களைப் பின்வீட்டில் கொடுத்துவிட்டு, ராத்தாவின் சோபாவை இரவல் வாங்கி நடுவில் போட்டாள்.

"என்னத்துக்கு புள்ள இவ்வளவு பாடுபடுறீங்க? ஊடு ஊடு மாதிரி ஈந்தாப் போதும்தானே" என்றாள் ஜவாஹிறா ராத்தா.

"இல்ல ராத்தா, மதிக்கணும். பாத்தவுடனே மதிக்கணும்."

சனிக்கிழமை பின்னேரம் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் உதவி அதிபர் நமசிவாயம், காலையிலிருந்து படியேறிக் களைத்த யாழ்ப்பாணத்து மனிதர். மற்றவர் றஷ்மி டீச்சர், முதலாம் ஆண்டுக்குப் படிப்பிப்பவர். தாரிகா கோயில் தேருக்கு வாங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு சோபாவின் நுனியில், விருந்துக்கு வந்த பிள்ளைபோல உட்கார்ந்திருந்தாள். ஜெயகுமார் கதவோரம் நின்றான்.

நமசிவாயம் நாலு சுவரையும் பார்த்தார்.

"பிள்ளையின்ர சாமான் ஒண்டையும் காணேல்லையே?"

"எல்லாம் ஒதுக்கி வச்சிட்டேங்க சேர்" என்றாள் இராமலெட்சுமி பெருமையாக.

"பிள்ளை எங்க படுக்கிறவ?"

"இங்கதாங்க."

"சோபாவிலயோ?"

"இல்லைங்க, கீழ. பாயில."

"பாய் எங்க?"

"பாய்... பின்வீட்டுலங்க."

றஷ்மி டீச்சர் தாரிகாவிடம் குனிந்து பெயர் கேட்டார். பிள்ளை எழுந்து நின்று, பெயரையும் விலாசத்தையும் இலக்கம் பிசகாமல் ஒரே மூச்சில் ஒப்புவித்தது. தாயின் முகம் மலர்ந்தது. நமசிவாயத்தின் முகம் இன்னும் இறுகியது.

"பக்கத்து வீட்டில யார் இருக்கிறாங்க, மகள்?" என்று டீச்சர் கேட்டார்.

அக்கம்பக்கத்துக் கதை எதுவும் வாயில் வரக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். தாரிகா அம்மாவைப் பார்த்தாள். வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"போன கிழமை வத்தளையில இருந்து ஆட்டோவில கொண்டுவந்து இருத்தின பிள்ளையும் இப்பிடித்தான் விலாசம் சொன்னது" என்றார் நமசிவாயம். அவர் குரலில் கோபம்கூட இல்லை, சலிப்புதான் இருந்தது. "அம்மா, இது வீடு மாதிரி இல்ல, கடை மாதிரி இருக்கு. இஞ்ச ஒரு பிள்ளை வளருது எண்டு நான் எப்பிடி எழுதுறது?"

அப்போதுதான் இராமலெட்சுமிக்கு விளங்கியது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியைத் தன் கையாலேயே உடைத்துவிட்டாள். மறைத்ததெல்லாம் அவர்கள் தேடி வந்தது. "சேர், சத்தியமா இங்கதாங்க..." என்று தொடங்கினாள். கட்டிலுக்கடியில் கிடப்பதைக் காட்டலாம் என்ற புத்திகூட வரவில்லை. ஜெயகுமார் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நமசிவாயம் எழுந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஒழுங்கை முனையில் குழாய் இருமியது.

தண்ணீர் வரும்முன் அந்தக் குழாய் கிழவனைப்போல இரண்டு தரம் இருமும். பெரியவர்கள் யாருக்கும் அது கேட்கவில்லை. தாரிகாவுக்குக் கேட்டது. சோபாவில் நெளிந்தாள். அம்மாவைப் பார்த்தாள். குழாய் இன்னொரு தரம் இருமியது. அவ்வளவுதான், பொறுக்க முடியவில்லை.

"அம்மா, தண்ணி! வாளி எங்க?"

பதிலுக்கு நிற்கவில்லை. தேர்ச்சட்டையோடு தரையில் விழுந்து கட்டிலுக்கடியில் புகுந்தாள். மூட்டை அவிழ்ந்து கிரேயோன், பொம்மை, ஒற்றைச் செருப்பு எல்லாம் நடு அறைக்கு உருண்டு வந்தன. வாளியை இழுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடினாள். எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள்.

குழாயடியில் பக்கத்து வீட்டு ஷிப்லி தன் பெரிய கலனை வைத்துக்கொண்டிருந்தான்.

"ஷிப்லி நானா! அது எங்கட எடம்!"

"இன்டைக்கி உங்கட வாளி வரிசைல ஈக்கலயே புள்ள."

"அம்மாதான் ஒளிச்சு வச்சிட்டாங்க! மிஸ்மார் வாறாங்கன்னு!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினாள். பின்னால் முண்டிய சிங்களப் பெண்ணிடம் திரும்பி, "நெந்தே, பொட்டக் இன்ன!" என்று, 'அத்தை, கொஞ்சம் பொறுங்கள்' என்பதைச் சிங்களத்திலேயே சொல்லி, கையை நீட்டித் தடுத்தாள்.

"விடு ஷிப்லி, நம்மட தாரிகாதானே" என்று யாரோ சிரித்தார்கள். ஷிப்லி கலனை நகர்த்தினான். வாளி பாதி நிறைந்ததும், அதற்கு மேல் தூக்க முடியாது என்று தெரிந்தவளாய்த் தானே குழாயை விட்டு விலகி, "இப்ப நீங்க வைங்க நெந்தே" என்று பெரியமனுஷி மாதிரி இடம் கொடுத்தாள்.

இராமலெட்சுமி தலையில் கைவைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். மானம் போயிற்று, பள்ளிக்கூடமும் போயிற்று என்று நினைத்தாள்.

நமசிவாயம் சிரித்துக்கொண்டிருந்தார். "றஷ்மி, விலாசத்தைப் பாடமாக்கலாம். இந்தச் சண்டையை ஒருத்தரும் பாடமாக்கேலாது" என்றார். பிறகு குனிந்து, காலடிக்கு உருண்டு வந்திருந்த ஒற்றைச் செருப்பை எடுத்து வாசலில் வைத்தார். "அம்மா, நாங்கள் வடிவான வீடு பாக்க வாறேல்ல. பிள்ளை இருக்கிற வீடு பாக்கத்தான் வாறனாங்கள்."

"இருக்குங்க சேர்" என்றாள். "புள்ள இங்கதாங்க இருக்கு." சொல்லிவிட்டு அழுதாள். அவள் பிறந்த லயத்துக்கு இலக்கம் கிடையாது. கடிதம் என்றால் தோட்டத்து ஆபீசுக்கு வரும், யாருக்காவது ஞாபகம் வந்தால் கைக்கு வரும். இது உன்னுடைய வீடுதான் என்று படித்த ஒருவர் ஒத்துக்கொள்வது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வாளியோடு வந்த தாரிகா, திட்டு விழப்போகிறது என்று நினைத்து அவளும் சேர்ந்து அழுதாள்.

பள்ளிக்கூட வாசலில் பட்டியல் ஒட்டியபோது தாரிகாவின் பெயர் நடுவில் எங்கோ இருந்தது. ஜெயகுமார் அதைத் தொலைபேசியில் படம் எடுத்தான். பெயர் மங்கலாக விழுந்ததால் இன்னொரு தரமும் எடுத்தான். வீட்டுக்கு வந்ததும் இராமலெட்சுமி கிரேயோன் பெட்டியைத் தேடி எடுத்து மகளிடம் நீட்டினாள்.

"இந்தா புள்ள, சுவத்துல கீறு. பஸ் கீறு, அப்பாவக் கீறு."

"சீ" என்றாள் தாரிகா. "ஸ்கூல் போற புள்ளைங்க சுவத்துல கீறமாட்டாங்க."

இராமலெட்சுமிக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கழன்றும் போயிற்று. அந்த மீன்களை ஒருநாளாவது விட்டு வைத்திருக்கலாம்.

பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் நாள் பின்னேரம், தாரிகா ஓடி வந்து புத்தகப்பையை வாசலில் போட்டாள், கழுத்துப்பட்டியைச் சோபா கிடந்த இடத்தில் போட்டாள், ஒரு சப்பாத்தை அடுப்பங்கரையிலும் மற்றதைக் கட்டிலுக்கடியிலும் எறிந்துவிட்டுக் குழாயடிக்குப் பறந்தாள். அவள் கழற்றிப் போட்ட வெள்ளைச் சட்டை தரையில் கலைந்து கிடந்தது. எந்தத் துணியும் அடங்கிவிடும் அந்தக் கை, அதைத் தொடவில்லை. ஜெயகுமாரும் வந்து பார்க்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டு, இராமலெட்சுமி அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.