கிடாவிடம் கேட்கும் சம்மதம்

என் அண்ணிக்குப் பிறந்த ஆண் குழந்தை, சேலத்து மருத்துவமனையில் சில நாட்கள் மட்டுமே இருந்து இறந்துபோனது. இதயத்தில் பிறவிக் குறை. யாரும் எதையும் தவறாகச் செய்யவில்லை. அதுதான் என்னை அதிகம் படுத்தியது.

நாமக்கல்லில் கோழித்தீவன ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். ஒரு லோடு மக்காச்சோளத்தில் பூஞ்சை வந்தால், சாத்தியமான காரணங்களை வரிசைப்படுத்தி, பொருந்தாதவற்றை அடித்துவிட்டு மிச்சத்தைப் பிடிப்பது என் பிழைப்பு. அந்த மாதங்களில் கடவுளையும் அப்படித்தான் வைத்துப் பார்த்தேன். முடிந்தும் காப்பாற்றவில்லை என்றால் அவர் நல்லவர் இல்லை. நினைத்தும் முடியவில்லை என்றால் பெரியவர் இல்லை. மனிதருக்குச் சுதந்திரம் கொடுத்ததால்தான் உலகில் தீமை என்றால், விரல்களைக்கூட முழுதாக விரிக்காத குழந்தை எதைத் தேர்ந்தெடுத்தது? போன பிறவியின் வினை என்றார் உறவுக்காரர் ஒருவர். செய்தது நினைவிலேயே இல்லாதவருக்குத் தண்டனை கொடுத்து யாரைத் திருத்துவது? துன்பம் மனிதரைப் பக்குவப்படுத்தும் என்பதும் வரிசையில் இருந்தது. அதை அண்ணியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று யோசித்தேன்; அதையும் அடித்தேன். மிஞ்சியது, அவர் இல்லை என்பது மட்டும். சரியான விடையாகத்தான் தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

பிரசவத்தின்போது அம்மா எங்கள் குலதெய்வமான கருப்பணாருக்கு வேண்டியிருந்தாள்: தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு வந்தால் ஒரு கிடா. தாய் மட்டும் வந்தாள். ஆடி கழிந்ததும் அம்மா பேச்சை எடுத்தாள்.

"சொன்ன சொல்லு சொன்னதுதான். தாயைக் குடுத்துருச்சில்ல."

"அப்ப பாதிக் கிடாதான் வெட்டோணும்," என்றான் அண்ணன். "முன்பக்கமா பின்பக்கமான்னு பூசாரிகிட்டக் கேட்டுக்கலாம்."

"வாயிலயே போடுவேன். சாமி காரியத்துல என்ன நக்கலு."

அண்ணி சமையலறை வாசலில் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"கிடா வெட்டினா நான் எடப்பாடிக்குப் போயிருவேன் அத்தை. திரும்பி வர மாட்டேன்."

எடப்பாடி அவள் பிறந்த ஊர். அண்ணனின் சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா அவனைப் பார்த்தாள், அவன் தரையைப் பார்த்தான். ஆனாலும் அம்மா வேண்டுதலை விடுவதாக இல்லை.

அண்ணிக்கு ஆறுதலாக இருக்கும் என்று நம்பி, மாடியில் துணி காயப்போடும்போது என் வாதங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். கோபப்பட யாரும் இல்லை, கேட்டுக் கெஞ்சவும் யாரும் இல்லை, அதனால் உங்கள்மேலும் குற்றம் இல்லை என்று முடித்தேன். அவள் ஈரத்துணியை உதறினாள்.

"நீ சொல்றது சரியாத்தான் இருக்குது அம்மிணி. ஆனா இல்லைன்னு வெச்சுட்டா, நான் யாரைப் போய் வையறது?"

நான் கிளிப்புகளை எடுத்து நீட்டினேன்.

"கோயிலுக்கு நானும் வாரேன்," என்றாள் அவள். "எனக்கு அவருகிட்ட ஒரு சோலி இருக்குது."

கோயில் வெண்ணந்தூருக்கு அப்பால், சோளக்காட்டு நடுவில் இருக்கிறது. கூரை கிடையாது. வேப்பமரத்தடியில் ஒரு கல், சுற்றிலும் நட்ட வேல்கள். எங்கள் பக்கத்தில் கிடாவை அப்படியே வெட்டிவிடுவதில்லை. மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரை முதுகிலும் காதிலும் தெளித்துவிட்டுக் காத்திருப்போம். அது உடம்பைச் சிலுப்பினால் சாமியும் சம்மதித்தார், ஆடும் சம்மதித்தது என்று அர்த்தம். மூன்று முறை தெளித்தும் சிலுப்பாவிட்டால் வெட்டக்கூடாது. நான் பார்த்தவரை எல்லாக் கிடாவும் முதல் தண்ணீருக்கே சிலுப்பியிருக்கிறது. காதில் தண்ணீர் பட்டால் ஆடு சிலுப்பும். இதில் சம்மதம் எங்கே வந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

பூசாரி முதல் தண்ணீரைத் தெளித்தார். கிடா அசையவில்லை. "சாமி, சம்மதம் குடு சாமி," என்று கூட்டம் வழக்கம்போல் வேண்டியது. இரண்டாவது தண்ணீர். முடியின் நுனியில் துளியாகத் தங்கி நின்றது; கிடா அப்போதும் சிலுப்பவில்லை. அப்போது அண்ணி கல்லுக்கு முன்னால் போய் நின்றாள். கை கூப்பவில்லை.

"ஏஞ்சாமி, இந்த ஆட்டுகிட்டச் சம்மதம் கேக்கறியே. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

அண்ணன் அவள் தோளைத் தொடப் போனான். பூசாரி கையை நீட்டித் தடுத்தார். "உடு தம்பி. கேக்கட்டும்."

"வாயில்லாத சீவன்கூடத் தலையாட்டோணும். அதுவரைக்கும் கத்தி காத்துக்கிட்டு நிக்கும். அத்தனை நியாயம் தெரிஞ்ச நீ எம் புள்ளைய எடுக்கறப்ப எங்க போயிருந்தே? எங்கிட்டயும் தண்ணி தெளிச்சுக் கேட்டிருக்கலாமில்ல. நான் சிலுப்பியிருக்க மாட்டேன். செத்தாலும் சிலுப்பியிருக்க மாட்டேன்."

எங்கள் பங்காளிகள் அத்தனை பேர், பயபக்தியோடு வந்தவர்கள், ஒருவர்கூட அவளை வாயை மூடச் சொல்லவில்லை. நான் மாதக்கணக்கில் புரட்டிய கேள்வி, கடவுளுக்கு எதிராக மனிதர்கள் வைத்திருப்பதிலேயே கனமான கேள்வி, அவருடைய முகத்துக்கு நேரே, அவருடைய வழக்கத்தையே சாட்சியாக வைத்துக் கேட்கப்பட்டுவிட்டது. நான் அதை அவர் இல்லை என்பதற்கான சான்றாக வைத்திருந்தேன். அவளோ அதையே அவர் பதில் சொல்லியாக வேண்டியவர் என்பதற்குச் சான்றாக வைத்திருந்தாள். அந்தக் கல்லை அதுவரை அத்தனை கூர்ந்து நான் பார்த்ததில்லை. அதற்குக் கண்கூட வெட்டியிருக்கவில்லை.

அம்மா எழுந்து போய் அண்ணியின் பக்கத்தில் நின்றாள். "எனக்கும் பதிலு வேணுஞ்சாமி," என்றாள் மெதுவாக.

பூசாரி மூன்றாவது தண்ணீரைத் தெளித்தார். கிடா நின்றது. வெயில், பயம், சூடான தொட்டித் தண்ணீர் என்று என்னால் இன்றும் காரணம் சொல்ல முடியும். அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

"ஓட்டிட்டுப் போங்க," என்றார் பூசாரி. கத்தியைத் துணியில் சுற்றினார்.

அண்ணிதான் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நாலடி நடந்தவள் கல்லைப் பார்த்துத் திரும்பினாள். "இன்னும் நீ சொல்லலை," என்றாள். "நான் மறுக்கா வருவேன்."

வண்டியருகே வந்ததும் அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "கிடா வெட்டலைதான். இருந்தாலும் போகோணும்னா எடப்பாடிக்கு இங்கிருந்தே பஸ் இருக்குது. ஏத்தி உடட்டுமா?"

"ஆட்டை வெச்சுக்கிட்டு எந்தப் பஸ்ஸுல ஏறுவேன்?" என்றாள் அண்ணி. "வண்டிய எடுங்க மாமா."