மஞ்சு சார் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட வசனம்

இந்தப் புத்தாண்டுக்கு வாக்குத்தத்த வசனம் வாட்ஸப்பில் வந்தது. ரோஜாப்பூ, அதன் கீழே வசனம், அதற்கும் கீழே போதகரின் சிரித்த முகம். முன்பெல்லாம் ஆராதனை முடிந்ததும் தட்டில் கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஒன்றைக் கண்ணை மூடி எடுப்போம்; அதிலுள்ள பைபிள் வசனம்தான் அந்த வருடம் முழுக்க நமக்கு. அச்சு மை வாசம் போகாத அட்டை. யாருக்கு என்ன வருமோ என்று பரீட்சை முடிவு மாதிரி படபடக்கும்.

ஓசூரில் வண்டிகளுக்கு வயர் கட்டும் கம்பெனியில் இருந்தபோது, ஒரு வருடம் எனக்குத் தீர்க்கதரிசன வசனம் வந்தது. உன் எதிரிகளைத் தேடினாலும் காணமாட்டாய் என்கிற மாதிரி. எனக்கு வேறு யார் ஞாபகம் வரும்? சூப்பர்வைசர் மஞ்சு சார்தான். பாத்ரூம் போய் வந்தால்கூட, "ஏனம்மா, தேன்கனிக்கோட்டைக்கே போய் வந்தியா?" என்று லைனே சிரிக்கும்படி கேட்பார். அட்டையை மேசையில் ஒட்டினேன். அவர் கத்தும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். நெஞ்சில் இளநீர் இறங்கும். பக்கத்து மேசை செல்வி வேறு, "நான் மாரியம்மன்கிட்ட சொல்லிப் பாத்துட்டேங்க்கா. உங்க சாமி எப்ப இந்தாள தூக்கும்?" என்பாள்.

ஒருநாள் அவர் கத்தாமல் வந்து நின்றார். மனைவிக்கு பெங்களூரில் இருதய ஆபரேஷனாம். எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திபெலேக்காரர், கன்னடம் கலந்து தமிழ் பேசுவார், படிக்க வராது.

"தெனம் இத பாத்துக்கினே இருக்கியே, ஏனு எழுதியிருக்குது?"

"பயப்படாதேன்னு சார்."

அந்த அதிகாரத்தில் இரண்டு வசனம் மேலே அப்படித்தான் இருக்கிறது. அட்டையில் இல்லை.

"இத நான் வச்சிக்கலாமா?"

செல்வி எதையோ தேடுகிறவள் போல மேசைக்கடியில் குனிந்துகொண்டாள். நான் பிய்த்துக் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று வீட்டில் முழங்கால் போட்டு, அந்த வசனம் மட்டும் பலிக்கக் கூடாது ஆண்டவரே என்று ஜெபித்தேன். எந்த விசுவாசி இப்படிக் கேட்டிருப்பாள்?

அந்தம்மா பிழைத்துவிட்டார். அதன்பின் எந்தத் தமிழ்க்காரரிடம் அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பேசினாலும், படிக்கச் சொல்லிவிடுவாரோ என்று வயரை விட்டுவிட்டு அந்தப் பக்கமே பார்ப்பேன்.

கம்பெனியை மூடிய அன்று, அட்டையில் உண்மையில் என்ன இருந்தது என்று சொல்லிவிடத்தான் அவர் மேசைக்குப் போனேன். டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தார்.

"இங்க நீ ஒருத்திதாம்மா எனக்கு நல்லது நெனச்ச."

"ஆமா சார்" என்றேன்.

கேட், லைன், கேன்டீன் எதையும் இப்போது தேடினாலும் காணமுடியாது. அங்கே அடுக்குமாடி எழும்பிவிட்டது. பஸ் அந்தப் பக்கம் போனால் நான் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன்.