சூடு காய ஏறிய பஸ்

ஓய்வூதியக்காரர் பலருக்கு வீட்டைச் சூடாக்கும் ஹீட்டிங் செலவுக்காகக் கொடுத்துவந்த உதவியை அரசாங்கம் நிறுத்திய குளிர்காலம் அது. கிழக்கு லண்டனில், மனோர் பார்க் ஊடாகப் போகும் பஸ் ஒன்றை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

முற்பகல் வேளைகளில் நம் ஊர்க்காரர்களான ஒரு வயதான கணவனும் மனைவியும் இலவச பாஸோடு ஏறுவார்கள். கடைசித் தரிப்பிடம்வரை வந்து, அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போவார்கள். கையில் ஒரு பையும் இருக்காது. வீட்டில் பொழுது போகவில்லையாக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஜனவரியில் ஒரு நாள், ஏறும்போதே அந்த ஐயா தள்ளாடினார். பாஸ் கையிலிருந்து நழுவி விழுந்தது. ஏதோ சொன்னார், வாய் குழறியது. குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்கு விளங்கிவிட்டது.

"அவர் குடிக்கிற ஆள் இல்லைத் தம்பி. வீடு ஐஸ் மாதிரிக் கிடக்கு. ஹீட்டிங் போட்டால் பில் கட்ட ஏலாது. அதுதான் பகலிலை பஸ்ஸுக்குள்ளை இருந்து சூடு காயிறனாங்கள். கொஞ்ச நேரம் இருந்தால் சரியாகிடுவார்."

இத்தனை நாளும் இவர்கள் என் பஸ்ஸில் வந்தது இதற்குத்தானா? கேபினை விட்டு இறங்கி ஐயாவின் கையைப் பிடித்தேன். அதில் உயிர்ச்சூடே இல்லை. உடனே அம்புலன்ஸுக்குப் போன் அடித்தேன். பயணிகளில் ஒரு பெண் தன் கோட்டைக் கழற்றி அவர்மேல் போர்த்தினாள். பஸ் நின்றுவிட்டதே என்று ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

உடற்சூடு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டதாக வந்தவர்கள் சொன்னார்கள். இன்னும் சற்று நேரம் வீட்டில் இருந்திருந்தால் தப்பியிருக்க மாட்டாராம்.

சில நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஐயா எழுந்து உட்கார்ந்திருந்தார். அங்கே எனக்கு இரண்டாவது அதிர்ச்சி காத்திருந்தது. அவர்களுடைய குறைந்த வருமானத்துக்கு 'பென்ஷன் கிரெடிட்' என்ற உதவி எப்போதோ கிடைத்திருக்க வேண்டுமாம். அது இருந்திருந்தால் ஹீட்டிங் உதவியும் நின்றிருக்காது. ஆஸ்பத்திரியின் சமூக சேவைப் பிரிவிலிருந்து உதவிக்கு வந்த பெண் விசாரித்தபோதுதான் அது தெரியவந்திருக்கிறது.

"ஏன் ஐயா நீங்கள் கேக்கேல்லை?" என்றேன்.

"அகதியா வந்த எங்களுக்கு இருக்க இடம் தந்தவங்கள் தம்பி. இன்னும் என்னெண்டு போய்க் கேக்கிறது?" என்றார்.

அந்தப் பெண்ணே விண்ணப்பித்துக் கொடுத்தாள். உதவி கிடைத்து, இப்போது அவர்கள் வீட்டில் ஹீட்டிங் ஓடுகிறது. நானும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஆனால் என் பஸ்ஸில் ஏறுகிற எல்லோருமே எங்கேயோ போவதற்காகத்தான் ஏறுகிறார்கள் என்று அன்றைக்குப் பிறகு என்னால் நினைக்க முடியவில்லை.