சட்டைப் பைக்குள் நான்கு கையெழுத்து: அப்பாவுடன் ஸ்ரீரங்கம், முக்கொம்பு

அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. துவாக்குடியில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் ஸ்டோரில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது செங்கல்பட்டில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். நான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். பங்குனியில் ஒருநாள் ஏ.டி.எம். இயந்திரத்திலேயே கார்டை விட்டுவிட்டு வந்துவிட்டார். அடுத்த மாதமும் அதே கதை. "அப்பா, இனிமே பர்ஸ், கார்டு எல்லாம் என்கிட்டயே இருக்கட்டும்" என்று அண்ணன் சொல்லிவிட்டான். அண்ணன் கெட்டவன் இல்லை, பயந்தவன்.

மறுநாள் காலையில் அப்பா என் வீட்டுக்கு வந்தார். "ஸ்ரீரங்கம் போயிட்டு வரலாமாம்மா? ரெண்டே நாள். பர்ஸ் மட்டும் என்கிட்டதான் இருக்கும்" என்றார். அண்ணனிடம் நான் பேசினேன். "சரி, போயிட்டு வாங்க. பத்திரமா வந்துட்டாருன்னா அப்புறம் நான் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்" என்றான். ஆக, இது கோயில் பயணம் என்று வெளியே பெயர். உள்ளுக்குள் அப்பாவுக்குப் பரீட்சை.

ஆவணி முதல் வாரம், செவ்வாயும் புதனும் போனோம். வார இறுதியைத் தவிர்த்தால் கூட்டம் பாதிதான். செங்கல்பட்டிலிருந்து காலை ரயில், இரண்டாம் வகுப்பு இருக்கை, ஆளுக்கு 125 ரூபாய். திருச்சி ஜங்ஷனில் இறங்கும்போது மணி 11:10. அங்கிருந்து ஸ்ரீரங்கம் ஒன்பது கிலோமீட்டர். ஒன்றாம் நம்பர் பஸ் வந்துகொண்டே இருக்கும், ஆட்டோவுக்கு அவசரப்படாதீர்கள். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பதால் எனக்குக் காசு இல்லை, அப்பாவுக்கு 12 ரூபாய். அதை அவர் பர்ஸைத் திறந்து எடுத்துக் கொடுத்த தோரணையைப் பார்க்க வேண்டுமே! விமானமே வாங்குகிறவர் மாதிரி இருந்தது.

தெற்கு வாசல் பக்கம் லாட்ஜ், ஏ.சி. இல்லாத இரட்டைப் படுக்கை அறை, ஒரு நாளைக்கு 900 ரூபாய். வரவேற்பில் இருந்தவர், "ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு வேணும் சார்" என்றார். அப்பா இதற்காகவே காத்திருந்தவர் போல பர்ஸிலிருந்து எட்டாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஆதாரும் பான் கார்டும் ஒரே பக்கத்தில் வரும்படி சுருக்கிய நகல். அடியில் நீல மையில் அழகான கையெழுத்து. தேதி இல்லை, எதற்காக என்றும் இல்லை.

"கையெழுத்தும் போட்டாச்சுங்க" என்றார் பெருமையாக.

எப்போதும் ஐந்து நகல் கையெழுத்தோடு தயாராக வைத்திருப்பார். ஸ்டோரில் இருந்த காலத்துப் பழக்கம். யாராவது கேட்டால் கடை தேடி ஓடக்கூடாதாம். ஐந்தில் ஒன்று லாட்ஜுக்குப் போக, மீதி நான்கு மறுபடி பர்ஸுக்குள் போயின. "உங்க பர்ஸ் ஒரு குட்டி தாலுகா ஆபீஸ்ப்பா" என்று நான் கேலி செய்தேன். அதற்கு மேல் எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. இதைப் படிக்கிற உங்களில் எத்தனை பேர் பர்ஸில் அப்படி இருக்கிறதோ, தெரியாது.

சாப்பிட்டு, சற்றுத் தூங்கி, மூன்றரை மணிக்குக் கோயிலுக்குக் கிளம்பினோம். அப்பா பேன்ட்டைக் கழற்றி வேட்டி கட்டிக்கொண்டார். பேன்ட் பையிலிருந்த பர்ஸ் சட்டைப் பைக்கு வந்தது. இட்லி கனத்துக்கு அது வெளியே துருத்திக்கொண்டு நின்றது. செல்போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதால் இரண்டு பேர் போனையும் கவுன்ட்டரில் கொடுத்தோம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே டோக்கன், பத்து ரூபாய். அந்த பிளாஸ்டிக் வில்லையும் பர்ஸுக்குள் போனது.

பெருமாளைப் பார்க்க ஒரு மணி நேரம் வரிசை. கடைசித் திருப்பத்தில் நல்ல நெரிசல். பின்னால் இருந்த யாரோ அப்பாவின் மேல் சாய்ந்தார்கள். "மெதுவா, மெதுவா" என்று அப்பாவே அவர்களைத் தாங்கிப் பிடித்தார். தரிசனம் முடிந்து உண்டியல் அருகே வந்தபோது மணி 4:50. அப்பா சட்டைப் பையில் கை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"அம்மா, பர்ஸைக் காணோம்."

ஒரு தூணடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பணம் அதிகமில்லை, ஆயிரத்துச் சொச்சம். அவர் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "அண்ணங்கிட்ட சொல்லாதம்மா" என்றார். இரண்டு தடவை சொன்னார். அந்த நிமிடத்தில், அண்ணன் சொன்னது சரிதானோ என்று நான் நினைத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன்.

உடனே கார்டை முடக்க வேண்டும். அதற்குப் போன் வேண்டும். போன் கவுன்ட்டரில். டோக்கன் பர்ஸில். பர்ஸ் திருடனிடம். இதை மனதுக்குள் ஒரு சுற்று சுற்றி முடித்தபோதுதான் அடுத்த ஆபத்து தோன்றியது. அவன் அந்த டோக்கனைக் கொடுத்து எங்கள் போன்களை வாங்கிவிட்டால்? கார்டு, ஆதார், பான், கையெழுத்துப் போட்ட நான்கு நகல்கள், ஓ.டி.பி. வருகிற போன் எல்லாம் ஒரே ஆள் கையில். அப்புறம் அப்பா என்ற பெயரில் அவன் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

"நீ ஓடும்மா, நான் பின்னாடியே வரேன்" என்றார் அப்பா. பிரகாரங்களைத் தாண்டி வெளியே வர எனக்கு எட்டு நிமிடம் ஆனது. ஸ்ரீரங்கம் கோயில் எவ்வளவு பெரியது என்பதை ஓடிப் பார்த்தால்தான் தெரியும்.

கவுன்ட்டரில் நாற்பது வயதுப் பெண் ஒருவர் இருந்தார். "டோக்கன் இல்லாம தர முடியாதுங்க" என்றார். நியாயம்தான். "நம்பராவது தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான பெட்டிகள், பாதிப் போன்கள் கறுப்பு. "அடையாள அட்டை ஏதாச்சும் காட்டுங்க" என்றார். என்னுடையது லாட்ஜில், அப்பாவுடையது எங்கே என்று உங்களுக்கே தெரியும்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க அப்பா வந்து சேர்ந்தார். "நூத்தி நாப்பத்தேழு" என்றார்.

"நிச்சயமா தெரியுமா சார்?"

"ஸ்டோர்ல இருந்தவனுங்க நான். டோக்கன் நம்பர் பார்க்காம கையில வாங்க மாட்டேன். மேல் வரிசை, இடது பக்கத்துல இருந்து மூணாவது பெட்டி. ரெண்டு போன். என்னோடதுல ஓரத்துல கீறல் இருக்கும்."

அந்தப் பெண் பெட்டியைத் திறந்தார். இரண்டு போன்களும் இருந்தன. எங்கள் கையாலேயே போன் பூட்டைத் திறந்து காட்டிய பிறகுதான் கொடுத்தார். ஒரு தாளில் '147 கொண்டுவந்தால் நிறுத்தி வைக்கவும்' என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார். "தண்ணி குடிங்க சார்" என்று தன் பாட்டிலை நீட்டினார். ஏ.டி.எம்.மில் கார்டை மறந்தவர் இவர்தானா என்று நான் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மணி 5:12. வங்கியின் எண் கார்டின் பின்னால் இருக்கும், கார்டு இல்லை. நான் இணையத்தில் தேடி, முதலில் வந்த எண்ணை அழுத்தப் போனேன். "இரும்மா, அதுல கண்டவனும் நம்பர் போட்டு வச்சிருப்பான்" என்று தடுத்தார். முந்தின நாள் பணம் எடுத்தபோது வங்கி அனுப்பிய குறுஞ்செய்தியைத் திறந்தார். 'நீங்கள் எடுக்கவில்லையெனில்' என்று அதன் அடியில் ஓர் எண் இருந்தது. அவரே பேசினார். கணக்கு எண்ணை மனப்பாடமாகச் சொன்னார். 5:19க்குக் கார்டு முடங்கியது. பின் நம்பரைக் கார்டோடு எழுதிவைக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. ஆனாலும் தொட்டாலே பணம் போகிற கார்டு, சிறு தொகைக்கு அந்த நம்பரே கேட்காது. ஏழு நிமிடமும் முக்கியம்தான்.

அடுத்து ஆதார் செயலியில், வேறு யாரும் பயன்படுத்த முடியாதபடி அப்பாவின் கைரேகைப் பதிவைப் பூட்டினோம். அதற்கும் ஓ.டி.பி. வேண்டும், போன் கையில் இருந்ததால் மூன்று நிமிடத்தில் முடிந்தது. பிறகு காவல் நிலையத்துக்கு ஆட்டோ, 50 ரூபாய்.

அங்கே ஒரு பெண் தலைமைக் காவலர் தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார். அப்பா 'என் கவனக்குறைவால் பர்ஸைத் தொலைத்துவிட்டேன்' என்று ஆரம்பித்தார். அவர் எட்டிப் பார்த்து, "ஏன் சார் அப்படி எழுதுறீங்க? நீங்க தொலைக்கல, எடுத்துட்டாங்க. திருட்டுன்னே எழுதுங்க" என்றார். அப்பா அந்த வரியை அடித்தார். அடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம்.

உள்ளே என்னென்ன இருந்தன என்று அப்பா வரிசையாகச் சொன்னார். நகல்களைப் பற்றிச் சொன்னதும் தலைமைக் காவலர் நிமிர்ந்தார். "கையெழுத்தோடயா? நாலா? தேதி போடாமயா?" என்று கேட்டுவிட்டு, "கார்டை விட அதுதான் சார் ஆபத்து. அதை வச்சு உங்க பேர்ல சிம் வாங்குவாங்க, கடன் கேப்பாங்க. அதையும் புகார்ல எழுதுங்க. நாளைக்கு ஏதாச்சும் வந்துச்சுன்னா நாங்க குடுக்கற ரசீதுதான் உங்களுக்காகப் பேசும்" என்றார். ஆறே முக்காலுக்கு, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கையில் கிடைத்தது. செலவு ஒன்றுமில்லை.

மறுநாள் காலை முக்கொம்பு. காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற இடம், ஸ்ரீரங்கத்திலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து பஸ் உண்டு. அப்பாவின் முழங்காலுக்காக ஆட்டோ வைத்தேன், காத்திருந்து திரும்பிவர 800 ரூபாய். ஓட்டுநர் கதையைக் கேட்டுவிட்டு, "சாமிய பார்க்கறப்ப எல்லாரும் கைய மேல தூக்குவாங்க சார், அவனுக்கு அதான் டைம்" என்றார். அப்பா அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. மதகுப் பாலத்தில் காற்று ஆளைத் தள்ளியது. பத்து மணிக்குள் போய்விடுங்கள், அதற்கு மேல் வெயில் தாங்காது.

இனி, போகிறவர்களுக்கு. வேட்டி கட்டுகிற ஆண்கள் பர்ஸைச் சட்டைப் பையில் வைக்காதீர்கள். அன்றைக்கு வேண்டிய பணம் மட்டும் எடுத்துக்கொண்டு கார்டையும் ஆதாரையும் லாட்ஜிலேயே பூட்டி வையுங்கள். போன் டோக்கனைப் பர்ஸோடு சேர்க்காமல் இடுப்பில் முடியுங்கள், எண்ணையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். வங்கியின் எண்ணை இரண்டு பேர் போனிலும் இப்போதே பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆதார் நகல் கொடுத்தால் எதற்காக, என்றைக்கு என்பதை நகலின் மேலேயே குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், கொடுக்கிற இடத்தில் மட்டும். முன்கூட்டியே போட்டு வைத்த கையெழுத்து, தொகை எழுதாத காசோலை போலத்தான்.

பர்ஸ் போனதோடு விஷயம் முடியாது என்பதும் நாங்கள் கற்றது. உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்க்க அரசின் இணையதளம் இருக்கிறது. ஊர் திரும்பி எட்டாம் நாள் அப்பா அதில் பார்த்தபோது, அவருக்குத் தெரியாத ஓர் எண் இருந்தது. 'என்னுடையது அல்ல' என்று அதிலேயே பதிவு செய்து, ரசீதோடு சைபர் குற்றப் பிரிவிலும் புகார் கொடுத்தோம். மூன்றாம் நாள் அந்த எண் துண்டிக்கப்பட்டது. பான் எண்ணில் யாராவது கடன் கேட்டிருக்கிறார்களா என்று இனி மாதம் ஒருமுறை பார்ப்பதாக முடிவு. வாரா வாரம் திங்கட்கிழமை சிம் பார்க்கிற வேலையை அப்பாவே வைத்துக்கொண்டிருக்கிறார். அண்ணனுக்கும் அண்ணிக்கும் எனக்கும் சேர்த்துத்தான்.

முக்கொம்பில் நடந்த ஒன்றை மேலே எழுதாமல் விட்டேன். பாலத்தின் நடுவில் நின்றுகொண்டு அப்பா தானாகவே போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டார். காற்றில் காது கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"குமரா, பர்ஸ் போயிடுச்சுப்பா. நேத்து, கோயில்ல."

"நீங்க நல்லா இருக்கீங்களாப்பா?" என்றுதான் அண்ணன் முதலில் கேட்டான்.

அப்பா எல்லாவற்றையும் சொன்னார். எதையும் குறைக்கவில்லை. கையெழுத்துப் போட்ட நகல்களைச் சொன்னபோது அண்ணன் பக்கம் சத்தமே இல்லை. இப்போது திட்டப் போகிறான் என்று நினைத்தேன்.

"லைன்ல இருக்கியா குமரா?"

"இருக்கேன்ப்பா. என் பர்ஸ்லயும் இருக்கு. நாலு. காலேஜ் சேர்ந்தப்ப நீங்கதான் சொன்னீங்க, எப்பவும் ரெடியா வச்சுக்கடான்னு."

அப்பா மதகைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எடு. கிழி. நான் லைன்லயே இருக்கேன்."

தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் தாள் கிழிபடுவது கேட்டது. அப்பா ஸ்டோர்க்காரர் குரலில் ஒன்று, இரண்டு என்று எண்ணினார். "நாலாச்சா?"

"ஆச்சுப்பா. உங்களுக்குப் புது பர்ஸ் நான் வாங்கி வைக்கட்டா?" என்று அண்ணன் கேட்டான்.

"வேணாம், இங்கயே வாங்கிக்கறேன். நீ அந்தத் துண்டையெல்லாம் ஒரே குப்பையில போடாதே."

"சரிப்பா" என்றான் அண்ணன்.