மகன் இப்போது நிர்வாகத்தில்

மைதானத்தில் என் மகனின் வேலை குந்தியிருப்பது. பேஸ்போல் விளையாட்டில் பந்தை எறிய ஒருவன், அதை மட்டையால் அடிக்க மற்ற அணியில் ஒருவன். அடிக்கிறவன் தவறவிடும் பந்தைப் பிடிக்க அவனுக்குப் பின்னால் ஓராள் குந்தியிருக்க வேண்டும். முகத்துக்குக் கம்பி வைத்த மூடி, நெஞ்சுக்கும் காலுக்கும் கவசம். அதெல்லாம் போட்டுக்கொண்டு குந்தினால் யாரென்று அடையாளம் தெரியாது. எனக்கு முதுகைப் பார்த்தாலே தெரியும்.

ஒஸ்லோவில் இந்த விளையாட்டைப் பார்க்க வருகிறவர்கள் குறைவு. நெடுஞ்சாலையின் ஓரத்தில், உதைபந்தாட்டக்காரர் வேண்டாமென்று விட்ட புல்வெளி ஒன்றில்தான் எங்கள் பக்கத்து அணி விளையாடுகிறது. பார்வையாளருக்கு ஒரு வாங்கு இருக்கிறது. அதில் நான் இருப்பேன். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற நோர்வேக் கிழவர் ஒருவர் இருப்பார். கியூபாவில் இருந்து வந்த பெண் ஒருத்தி இருப்பாள், அவளுடைய கணவன்தான் எங்கள் அணியில் பந்து எறிகிறவன். மற்றவர்கள் வருவார்கள், ஒரு தூறல் விழுந்தால் போய்விடுவார்கள்.

எனக்கு ஆட்களோடு கதைக்க வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தமிழிலேயே நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டேன், நோர்வே மொழியில் கேட்கவே வேண்டாம். வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டிய காலத்தில் பக்கத்தில் நின்றவர்கள் என்னை ஊமை என்றுதான் நினைத்திருந்தார்கள். அங்கே பிறந்தவன்தான் என் மகன். இப்போது நாற்பதை எட்டிப் பார்க்கிற வயது. ட்ராம் ஓட்டுகிறான்.

மருமகள் பிரிந்து போன பிறகு என்னோடு வந்து இருக்கிறான். வேலையால் வந்தால் சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுவான். கறி எப்படி என்றால் ஓம் என்பான். தேத்தண்ணி போடவா என்றாலும் ஓம்தான், ஆனால் குடிக்க மாட்டான். ஆட்டம் உள்ள நாளில் மட்டும் கதைப்பான். பஸ்ஸில் போகும்போதே மற்ற அணியில் யார் இடக்கைக்காரன், யாருக்கு ஓட்டம் போதாது என்று சொல்லிக்கொண்டு வருவான். அந்தக் குரலைக் கேட்கத்தான் நான் கூடப் போகத் தொடங்கினேன்.

முதல் நாள் எனக்கு இது எங்கள் ஊர் எல்லே விளையாட்டு மாதிரித்தான் பட்டது. எல்லேயில் ஓடுகிறவன் மேல் பந்தால் எறிந்து பட்டால் அவன் ஆட்டமிழந்தான். அன்றைக்கு மகன் மட்டையோடு நின்றபோது பந்து வந்து விலாவில் பட்டது. அவன் மட்டையைப் போட்டுவிட்டு மெல்ல நடந்தான். சரி, முடிந்தது என்று நான் போத்தலை மூடிப் பையில் வைத்து எழும்பிவிட்டேன். பார்த்தால் வாங்கில் இருந்த இருவரும் கை தட்டுகிறார்கள். இந்த விளையாட்டில் பந்து மேலில் பட்டால் அடுத்த இடத்துக்குச் சும்மா நடந்து போகலாமாம். கியூபாப் பெண் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இருத்திவிட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து எனக்கு அந்த வாங்கில் ஓர் இடம் இருக்கிறது.

எங்கள் அணி தோற்கும். சில நாள் கொஞ்சமாய்த் தோற்கும். சில நாள் வென்றவர்களுக்கே அலுத்துப்போகும் வரை தோற்கும். அணிகளை வரிசைப்படுத்தினால் நாங்கள் எங்கே இருப்போம் என்று தேடவே தேவையில்லை, கீழே இருந்து பார்த்தால் போதும்.

போன குளிர்காலத்தில் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போன மகன் காதெல்லாம் சிவந்து வந்தான். குளிர் என்று நினைத்தேன். பழைய ஆட்கள் முழுப்பேரும் விலகிவிட்டார்களாம், புது நிர்வாகம் வந்திருக்கிறதாம். தலைவர் அமெரிக்காவில் படித்தவர், இந்த விளையாட்டை அதன் சொந்த ஊரிலேயே பார்த்தவர். இனிமேல் எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்றான்.

எங்கள் ஆட்களின் சங்கங்களில் நான் கண்ட புது நிர்வாகங்கள் கொஞ்சமில்லை. முதலில் புதிதாக ஒரு பதாகை அடிப்பார்கள். பிறகு பழைய நிர்வாகம் என்ன செய்தது என்று கேட்டுக் கூட்டம் வைப்பார்கள். அதோடு சங்கம் இரண்டாகும், இரண்டும் ஒரே சனிக்கிழமையில் கிறிஸ்மஸ் ஒளிவிழா வைக்கும். எந்த மண்டபத்துக்குப் போவது என்று தெரியாமல் நான் வீட்டில் இருந்த நத்தார்கள் உண்டு. அதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. இனி வெல்லுவீர்களா என்று மட்டும் கேட்டேன்.

"வெல்லுறது பிறகு அம்மா. முதல்ல ஒரு கழகம் மாதிரி இருப்பம்" என்றான்.

அந்தக் குளிர் முழுவதும் பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் பயிற்சி. வீட்டுக்கு வந்தும் விறாந்தையில் குந்திக் குந்தி எழும்புவான். முழங்கால் நெட்டி முறிகிற சத்தம் குசினி வரைக்கும் கேட்கும். எண்ணெய் காய்ச்சி வைத்தால் எடுத்துப் பூசிக்கொள்வான்.

பனி கரைந்ததும் மைதானத்தைத் துப்புரவாக்க எல்லோரையும் கூப்பிட்டார்கள். நோர்வேயர் டுக்நாட் என்பார்கள். நாங்கள் சிரமதானம் என்போமே, அதுதான். நான் ரோல்ஸ் செய்து கொண்டு போனேன். கிழவர் வாங்குக்குப் பச்சைச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார். கியூபாப் பெண் பழைய இலைகளைக் கூட்டினாள். புதுத் தலைவர் வந்து எங்கள் மூவருக்கும் கை கொடுத்தார். ரசிகர்கள்தான் கழகத்தின் முதுகெலும்பு என்றார். ரோல்ஸில் இறைச்சி இருக்கிறதா என்று கேட்டு, இருக்கிறது என்றதும் திரும்ப வைத்துவிட்டார்.

அவர் போனதும் கியூபாப் பெண் தொடங்கினாள். சேறு அள்ள வெள்ளைச் சப்பாத்தோடு வந்த தலைவரை வாழ்க்கையில் இப்போதுதான் பார்க்கிறாளாம். கிழவருக்கு அது பிடிக்கவில்லை. முன்பிருந்தவர்கள் எந்தச் சப்பாத்தோடும் வரவில்லையே என்றார். அவருக்குப் பெரிய ஆசை இல்லை. ஒரே ஒரு வருடம் அணி கடைசி இடத்துக்கு வராமல் இருந்தால் போதும், அதைப் பார்த்துவிட்டுச் சாகலாம் என்றார். அப்படியானால் நீ நூறு வயது இருப்பாய் என்று அவள் சொல்ல, அவர் தூரிகையால் அவளுடைய கையில் ஒரு கோடு போட்டார். பிறகு அவள் என் பக்கம் குனிந்து, தலைவர் விளையாடுகிறவர்களின் வயதை ஒவ்வொருவராய் விசாரிக்கிறார் என்று கணவன் சொன்னதாகச் சொன்னாள்.

நான் மகனைப் பார்த்தேன். தான் குந்துகிற இடத்தில் மண்ணைக் கொத்திக் கல் பொறுக்கி, பிள்ளைக்குப் பாய் விரிக்கிற மாதிரி கையால் தடவிச் சமப்படுத்திக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்பால் தலைவர் ஒரு நெடிய இளைஞனோடு பந்து எறிந்து பிடித்துக்கொண்டு நின்றார். சுவீடனில் விளையாடியவனாம். இளைஞனின் கையில் இருந்தது, பின்னால் குந்துகிறவன் மட்டும் போடுகிற, என் மகனுடையது மாதிரியான பெரிய வட்டக் கையுறை.

முதல் ஆட்டத்துக்கு முன் மகனைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைத்தார்கள். அன்றைக்கு அவன் கோப்பையோடு அறைக்குப் போகவில்லை. குசினி மேசையில் இருந்தான்.

"அம்மா, என்னை நிர்வாகத்திலை போட்டிருக்கினம்."

"நிர்வாகத்திலையோ?"

"ஓம். மட்டை, பந்து, உடுப்பு எல்லாம் இனி என்ரை பொறுப்பு."

"நல்லது தம்பி. அப்ப பிடிக்கிறது?"

அவன் சோற்றைப் பிசைந்தான். "ரெண்டையும் ஒராள் செய்ய ஏலாதாம்."

"ஆர் சொன்னது?"

"நிர்வாகம்தான்." பிறகு சிரித்தான். "இப்ப நானும்தானே நிர்வாகம். நானே சொன்ன மாதிரித்தான்."

அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் தெரியும். இன்னும் கொஞ்சம் கறி போடவா என்று கேட்டேன். போடச் சொன்னான், அதையும் சாப்பிட்டான்.

இந்தக் கதை எப்படியோ எங்கள் ஆட்களிடம் போய்விட்டது. தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வரும்போது ஒரு அம்மா என் கையைப் பிடித்து, உங்கடை மகன் வெள்ளைக்காரற்றை கழகத்திலை நிர்வாகத்துக்கு வந்திட்டாராமே, கர்த்தர் கைவிடேல்லை என்றார். நான் தலையை ஆட்டினேன்.

முதல் ஆட்டத்துக்கு எல்லோரும் புது உடுப்போடு வந்தார்கள். அந்த இளைஞன் என் மகன் சமப்படுத்திய மண்ணில் குந்தினான். பொய் சொல்லக்கூடாது, நன்றாகப் பிடித்தான். பாய்ந்து பிடித்தான், இருந்த இடத்திலிருந்தே எறிந்து ஒருவனை ஆட்டமிழக்கச் செய்தான். என் மகனுக்கு அது முடியாது. ஆனாலும் தோற்றோம். போன வருடத்தை விடக் கொஞ்சமாய்த் தோற்றோம் என்று கிழவர் சந்தோசப்பட்டார்.

உன் மகனுக்கு முழங்கால் வருத்தமா என்று கியூபாப் பெண் கேட்டாள். அவன் நிர்வாகத்தில் இருக்கிறான் என்று எனக்குத் தெரிந்த நோர்வே மொழியில் சொன்னேன். கிழவர் எழும்பி எனக்குக் கை கொடுத்தார். அவள் கை கொடுக்கவில்லை. தன் கணவன் பந்து எறிகிற திசையைப் பார்த்தபடி, அடுத்தது இவர்தான் என்றாள். கோடை முடிவதற்குள் அவரையும் அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவருக்கு நிர்வாகத்தில் இடம் இருக்கவில்லை. அவள் இப்போது வருவதில்லை.

மகன் மட்டைப் பைகளுக்குப் பக்கத்தில் கம்பிவேலியோரம் நிற்கிறான். எறிகிறவன் கையை ஓங்கும்போது இவனுடைய முழங்கால்கள் தாமாகக் கொஞ்சம் மடங்குகின்றன. பந்து மற்றவனின் கையுறைக்குள் போய் விழுந்ததும் நிமிர்கின்றன. அவன் அதைக் கவனிக்கிறானோ தெரியாது. நான் ஆட்டத்தை விட்டு அதைத்தான் பார்க்கிறேன்.

பஸ்ஸில் இப்போது அவன் கதைப்பதில்லை. போனமுறை இறங்கும்போது மட்டும், "நீங்கள் மழைக்குள்ளை வந்து இருக்கத் தேவையில்லை அம்மா" என்றான்.

"எனக்கு ஆட்டம் பார்க்க விருப்பம்" என்றேன்.

நான் வராமல் நின்றுவிட்டால், இவ்வளவு காலமும் அவனுக்காகத்தான் வந்தேன் என்பதை நானே சொன்ன மாதிரி ஆகிவிடும். அவன் நின்றுவிட்டால், அவனுக்குப் போக வேறு இடம் இல்லை. அடுத்த வருடம் எல்லாம் சரிவரும் என்று தலைவர் சொல்கிறார், கிழவரும் சொல்கிறார். மகனும் நிர்வாகத்தில் இருப்பதால் கேட்கிறவர்களுக்கு அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போகிறோம். போன ஞாயிறும் தோற்றோம்.